நாலு தையல்

மோதிரத் தலையணைக்கு
வெள்ளை சாட்டின் கால் மீட்டர் போதும்.
உள்ளே பஞ்சு, ஓரத்தில் லேஸ்,
நடுவில் ஒரு பொய்.

திங்கள்சந்தை ஃபேன்சி கடையில்
சோடி நாற்பது ரூபாய்க்கு வாங்கிய பித்தளை வளையங்கள்.
"இறுக்கமா தச்சிருங்கக்கா" என்றாள் மெர்லின் ஷீபா,
மணப்பெண்ணின் அக்கா.
"நெச மோதிரம் எங்க மாமா கோட்டுப் பையில இருக்கும்.
இவங்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

இவன் என்றால் ஜெஸ்வின். ஐந்து வயது.
நெஞ்சளவு எடுக்கப் போனால் மூச்சைப் பிடித்து உப்புவான்.
"மூச்ச விடு மக்கா, கோட்டு தொளதொளங்கும்."
"பெரியாளா தைங்க."
மூன்று வாரமாய் வீட்டில்
தட்டில் எலுமிச்சம்பழம் வைத்து நடந்து பழகுகிறானாம்.
உருண்டு விழுந்தால்
வாசலிலிருந்து மறுபடி.

பிள்ளைகளின் ஃபிராக் பீச் கலரா வெங்காயக் கலரா என்று
இரண்டு வீட்டாரும் ஒன்பது நாள் வாட்ஸப்பில் சண்டை போட்டார்கள்.
தலையணைக்குச் சண்டையில்லை.
வளையத்துக்கு இரண்டாக நாலு தையல் போட்டேன்.
இரட்டை நூல், முடிச்சின் மேல் முடிச்சு.
என் தையல் பிரிந்ததாக
இந்தச் சந்தையில் ஒருத்தியும் சொன்னதில்லை.

குறும்பனைக் கோவிலில் பத்தரைக்குக் கல்யாணம்.
கடற்காற்று முதலில் உள்ளே வந்தது,
பிறகு பிள்ளைகள்.

முன்னால் பெர்னிஷா. மூன்று வயது. பீச் கலர்தான்.
கழுத்து அறுக்குதென்று அவள் அழுததும்
உள்ளே பழைய பருத்தித்துணி வைத்துக் கொடுத்ததும்
வீடியோக்காரருக்குத் தெரியாது.
கூடைப் பூவை முதல் நாலு எட்டிலேயே கொட்டிவிட்டாள்.
காலிக் கூடையை எட்டிப் பார்த்தாள்.
பிறகு நடுவழியில் உட்கார்ந்து
ஒவ்வொரு இதழாய்ப் பொறுக்கத் தொடங்கினாள்.
பின்னால் மணப்பெண் காத்து நின்றாள்.
கீபோர்டுக்காரர் அதே இரண்டு வரியை
மூன்றாம் தடவை வாசித்தார்.

ஜெஸ்வின் அவளைச் சுற்றிக்கொண்டு வந்தான்.
இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை,
அம்மா கையசைத்ததையும் பார்க்கவில்லை.
எலுமிச்சை விழாத நடை.

தாலி கட்டியாயிற்று.
சாமியார் மோதிரம் கேட்டார்.
மாமா நெஞ்சைத் தொட்டார். சட்டைதான் இருந்தது.
புழுக்கமென்று கழற்றிய கோட்டு காருக்குள்.
கார், சென்னை வண்டியில் வருகிறவர்களை ஏற்ற
இரணியல் ஸ்டேஷனில்.

ஃபேன் சத்தத்துக்கு மேலே குசுகுசுப்பு ஏறியது.
மாமாவின் பிடரியில் வேர்வை இறங்கியது.
ஜெஸ்வின் மட்டும் பதறவில்லை.
இரண்டு கையாலும் தலையணையைத் தூக்கினான்:
"எங்கிட்டல்லா இருக்கு!"

சிரிக்க வந்தவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள்.
சாமியார் மாமாவைப் பார்த்தார்,
பிறகு பையனை,
வெகுநேரம் பையனை.
வலது கையைத் தூக்கிப் பித்தளையை மந்திரித்தார்.

மாப்பிள்ளை இழுத்தார். வரவில்லை.
மறுபடி இழுத்தார்.
தலையணையும் பிள்ளையும் சேர்ந்து வந்தார்கள்.
அவன் உதடு அப்போதுதான் கோணியது.

கத்தரிக்கோல் கடையில்.
எப்படி எழுந்து போனேன் என்று ஓர்மையில்லை.
பீடத்தடியில் முட்டுப்போட்டு
பல்லால் கடித்தேன்.
ஒன்று. இரண்டு.
சாட்டினில் சாம்பிராணி வாசம்,
அவன் உள்ளங்கை உப்பு.
மூன்று.

காதோடு கேட்டான்:
"எதுக்குத் தச்சு வச்சீங்க?"
"விழாம இருக்க."
"நான் விழவிட மாட்டேனே."

நாலாவது நூல் மட்டும்
நெடுநேரம் அறுபடவில்லை.

பந்தி முடியும் நேரத்தில் தங்கம் வந்து சேர்ந்தது.
காருக்குள் வைத்து மாற்றிக்கொண்டார்களாம்.
பித்தளையை என்ன செய்தார்களென்று நான் கேட்கவில்லை.
பாயசக் கப்போடு ஒருவன்
மேசை மேசையாய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்,
எல்லாரும் மறந்துட்டாங்க, நான்தான் கொண்டு வந்தேன் என்று.

இந்த மாதம் கருங்கலில் ஒரு கல்யாணம்.
அதே கால் மீட்டர், அதே சோடிப் பித்தளை.
"பையங்கிட்ட சொல்லாதீங்க, நல்லா இறுக்கித் தைங்க."
சரி என்றேன்.

இழுத்தால் அவிழ்கிற முடிச்சுப் போட்டுக்
கொடுத்து அனுப்பினேன்.